மாநிறத்துக்குப் பதிமூன்று நிமிடம்

வெயில்கூடத்தில் பெண்கள் பக்கத்து விளக்குகள் பதினாறையும் கழற்றித் தரையில் பரப்பிவிட்டார்கள். மெக்கானிக் சென்னியப்பன், பந்தியில் இலை எண்ணுகிறவர் போல, அவற்றைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். எத்தனை தரம் எண்ணினாலும் பதினாறுதான் வந்தது.

"மீட்டரைப் பாருங்க டாக்டரம்மா. ஒண்ணாச்சும் கம்மியாக் காட்டுதுங்களா? ஆம்பளைங்க பக்கம் என்ன வருதோ அதேதானுங்க இங்கயும் வருது."

"இன்னைக்குச் சரியாத்தான் இருக்கு," என்றாள் டாக்டர் நஸ்ரின். மாவட்டத்திலிருந்து விசாரணைக்கு வந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும், ஆனால் கேள்வி கேட்கும்போது ஐம்பது தெரியும். "நான் வர்றது உங்களுக்குப் போன வாரமே தெரியும். நடுவுல புதுசு வாங்கி மாட்டியிருந்தா நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சென்னியப்பனின் முகம் சுண்டிப்போனது. விளக்கில் தூசி படிந்தால் தன் துண்டாலேயே துடைக்கிற மனிதர் அவர். பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த வான்மதி அவருக்காகப் பரிந்து பேச வாயெடுத்தாள். அதற்குள் நஸ்ரின் அடுத்ததற்குப் போய்விட்டாள்.

"இந்தக் குளிர்காலத்துல மட்டும் இந்த ஊர்ல எலும்பு முறிஞ்ச பொம்பளைங்க நாப்பத்தி மூணு பேர்," என்றாள் நஸ்ரின். "ஆம்பளைங்க நாலே பேர். அதுலயும் மூணு பேர் வண்டியில இருந்து விழுந்தவங்க. ரத்தம் எடுத்துப் பார்த்தா பொம்பளைங்களுக்கு டி சத்து பாதாளத்துல கிடக்கு. ஒரே கட்டடம், ஒரே கரண்ட். அப்ப விளக்குலதானே கோளாறு இருக்கணும்? பக்கத்து ஊர்லயும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். அங்கயும் மெக்கானிக்கை நிறுத்திவெச்சிருக்கோம்."

அன்று மாலை சென்னியப்பன் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். விசாரணை முடியும்வரை விளக்குப் பக்கம் போகக் கூடாது என்று அதில் இருந்தது.

வெயில் கொளுத்தும் நாட்டில் வெயிலுக்கு ஒரு கூடமா என்று கேட்பவர்களுக்குப் பழைய கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சூடு தாங்காமல் மாடுகளும் மனிதர்களும் சுருண்டு விழுந்த ஒரு காலம் உண்டு. உலக நாடுகள் கூடிப் பேசி, ஆகாயத்தின் உச்சியில் கண்ணுக்குத் தெரியாத பொடியைத் தூவி ஒரு மேல்திரை விரித்தன. சூடு தணிந்தது. திரை போட்டவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று ஊரே வாழ்த்தியது. பிறகுதான், சூட்டோடு சேர்ந்து இன்னொன்றும் வடிகட்டப்பட்டுவிட்டது தெரிந்தது. தோலில் பட்டால் டி சத்தை ஊறவைக்கும் கதிர் அது. சித்திரையில் சூரியன் தலைக்கு மேலே நிற்பதால் திரையைத் தாண்டிக் கொஞ்சம் வரும். ஐப்பசியிலிருந்து மாசிவரை வெயில் சாய்ந்து விழுவதால், திரைக்குள் நெடுந்தூரம் நடந்து வருவதற்குள் அந்தக் கதிர் முழுக்கச் செத்துப்போகும். பார்வைக்குச் சூரியன் இருந்தது, வேலைக்கு இல்லை.

குழந்தைகளுக்குக் கால் வளைந்தது. பெரியவர்களுக்கு எலும்பு மாவாகிப்போனது. மார்கழிச் சளிக்காய்ச்சலில் திடகாத்திரமானவர்கள்கூட எழுந்திருக்கவில்லை. மாத்திரை கொடுக்கலாம் என்றால், அதை ஆட்டு ரோமத்தில் இருக்கும் கொழுப்பிலிருந்துதான் செய்ய வேண்டும். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் கைநீட்டினால் ஆடுகள் என்ன செய்யும்? கர்ப்பிணிகளுக்கும் பால்குடிப் பிள்ளைகளுக்கும் மட்டும் மாத்திரை என்றானது. மற்றவர்களுக்காக ஊருக்கு ஊர் வெயில்கூடம் வந்தது. வாரம் இரண்டு முறை கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விளக்கடியில் படுக்க வேண்டும். நேரம் முடிந்தால் மணி அடிக்கும், எழுந்துவிட வேண்டும்.

அமராவதிக் கரையில் இருந்த இந்தச் சின்ன ஊரின் கூடத்தில், திறந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடமாகப் பதிவு எழுத்தர் வான்மதிதான். ஐம்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. பதினோரு பேர் பெண் பார்க்க வந்தார்கள், பஜ்ஜி தின்றார்கள், ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்றார்கள். இரண்டு பேர் மட்டும் நிஜமாகவே தகவல் சொன்னார்கள். "பொண்ணு குணமாத்தான் இருக்குது, ஆனா..." என்று தொடங்கிய அந்தத் தகவலை அவள் முழுதாகக் கேட்டதில்லை. 'ஆனா'வுக்கு மேல் கேட்க அதில் ஒன்றும் இருக்காது.

மறுநாள் காலை கௌசிகா வந்தாள். கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மேசைமேல் குனிந்தாள்.

"அக்கா, செவ்வந்திக்குக் கால் ஒடிஞ்சுபோச்சுங்க."

"அய்யோ, விழுந்துட்டாளா?"

"விழுகவே இல்லீங்க்கா. பஸ்ஸுல இருந்து இறங்கினா. படியில இருந்து கீழ கால் வெச்சா, அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழ மடக்குனு ஒரு சத்தம். இருபத்திரண்டு வயசுங்க. தை பதினஞ்சுல கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல சுளுக்குன்னு சொல்லி வெச்சிருக்கறேன்." கௌசிகாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "இந்த மாசம் ரெண்டு முறை சேத்து விளக்கு குடுங்க்கா. பதிமூணு நிமிசம் பத்தலையாட்ட இருக்குது."

பதிமூன்று நிமிடம். வான்மதி கையை நீட்டினாள்.

"அட்டை இருக்குதா கண்ணு?"

கௌசிகா எடுத்துக் கொடுத்தாள். செவ்வந்தியின் படம், பிறந்த தேதி, கீழே நிற எண்: நான்கு.

பத்து வருடத்துக்கு முன் இதே மேசையில் நடந்தது அது. பெயிண்டுக் கடையில் சுவருக்குக் காட்டுவார்களே, அதே மாதிரி ஆறு கட்டம் போட்ட நிற அட்டை ஒன்று வான்மதியிடம் உண்டு. ஒன்று வெளிறிய வெள்ளை, ஆறு நல்ல கறுப்பு. முன்கையின் உள்பக்கத்தில் வைத்து எது ஒட்டிப்போகிறதோ அந்த எண்ணை எழுத வேண்டும். அதை வைத்து இயந்திரம் நேரத்தைத் தீர்மானிக்கும். இயந்திரமே தோலை அளக்கும்படிதான் முதலில் செய்திருந்தார்கள். மனுசன் நிறத்தை மிஷின் அளப்பதா என்று மாநிலம் முழுக்கப் போராட்டம் நடந்தது. நியாயமான போராட்டம்தான். அதனால் அளவைக் கருவியை எடுத்துவிட்டு, பார்த்து எழுத ஓர் ஆளைப் போட்டார்கள். எழுதியபின் சம்பந்தப்பட்டவர் கையெழுத்து இல்லாமல் எண்ணை மாற்ற முடியாது என்றும் சட்டம் வந்தது.

பன்னிரண்டு வயதுச் செவ்வந்தி கையை நீட்டினாள். வான்மதி அட்டையை நகர்த்திக்கொண்டே போனாள். "ஆறுல ஒட்டிப்போச்சுங்க!" என்று குழந்தை சந்தோஷமாகக் கத்தியது, ஏதோ பரிசு விழுந்த மாதிரி. கௌசிகா அதன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, வான்மதியின் காதோரம் வந்தாள்.

"அக்கா, ஆறுன்னு எழுதிப்போடாதீங்க. பொட்டப்புள்ள. நாலுன்னு போட்டுருங்க. மாநிறந்தானுங்க, வெயில்ல சுத்தி இப்படி ஆயிட்டா."

திரை விரித்த நாட்டில் கறுக்கவைக்கிற வெயில் எங்கிருந்து வந்தது என்று வான்மதி கேட்கவில்லை. கேட்க மனம் வரவில்லை. அந்தக் குழந்தையின் வீட்டுக்கு நாளைக்கு யார் யார் வந்து பஜ்ஜி தின்னப்போகிறார்கள் என்பதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். நான்கு என்று எழுதினாள்.

அப்படி எத்தனை நான்கு! ஜாதகத்தோடு வெயில் அட்டையின் நகலையும் இணைக்கச் சொல்லித் தரகர்கள் கேட்கத் தொடங்கியபின், நிற எண்ணுக்கு மவுசு ஏறிவிட்டது. ஆண்பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் ஆறா, சரி, எழுதுங்க என்று போய்விடுவார்கள். பெண்ணைக் கூட்டி வருகிறவர்கள்தான் குனிந்து காதோரம் வருவார்கள். நான்குக்குப் பதிமூன்று நிமிடம், ஆறுக்கு முப்பத்தொன்று என்பது வான்மதிக்குத் தெரியாததல்ல. சித்திரை வெயிலில் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தாள். ஒன்பது வருடம் அப்படித்தான் நேராகியும் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் மேல்திரையை இன்னும் கெட்டியாக்கினார்கள். செய்தியில் வந்தது, அவளும் பார்த்தாள். இனிமேல் சித்திரையும் கைகொடுக்காது என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்று அவளால் சொல்ல முடியாது. நினைத்துப் பார்க்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"நாளைக்கு வா கௌசி, சொல்றேன்," என்று அனுப்பிவிட்டு, கூடத்துக்குப் பின்னால் போனாள். சென்னியப்பன் வேலை இல்லாமலேயே வேலைக்கு வந்து, டீக்குடிக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"சென்னியப்பண்ணா, ஒண்ணு கேக்கறேன். கறுப்பா இருக்கவங்களுக்கு எதுக்கு நேரம் சாஸ்தி?"

"பன்னெண்டு வருசம் எழுதிப்போட்டு இப்பக் கேக்கறயா அம்மிணி?" அவர் வறட்சியாகச் சிரித்தார். "கறுப்புத் தோலுங்கறது குடையாட்ட. நம்ம பாட்டன் பூட்டன் வெயில்ல வெந்தவங்க, சாமி ஆளுக்கொரு குடை குடுத்து அனுப்புச்சு. குடைக்குள்ள மழைத்தண்ணி இறங்கோணும்னா சித்தெ அதிக நேரம் பேயோணுமல்ல? அவ்வளவுதான். ஏன் கேக்கற?"

"பாதியில மழையை நிறுத்திட்டா?"

"உள்ள ஒரு சொட்டு இறங்காது. குடை நனைஞ்சதோட சரி."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டதோ என்னவோ.

நஸ்ரின் உள்ளே கணினியில் விளக்குகளின் மின்கணக்கைத் துருவிக்கொண்டிருந்தாள். வான்மதி அவளெதிரே போய் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"விளக்கு சரியாத்தானுங்க இருக்குது டாக்டர். சென்னியப்பண்ணன் மேல ஒரு தப்பும் இல்லை. நாந்தானுங்க தப்பு பண்ணினேன்."

முழுவதையும் சொன்னாள். அம்மாக்கள் கெஞ்சியது, தன்னால் மறுக்க முடியாதது, கல்யாணம், தரகர், ஜாதகம். நஸ்ரின் பதிவேட்டைத் திறந்து பெண்களின் நிற எண்களைத் தட்டினாள். ஆயிரக்கணக்கில் நான்கு. ஐந்தாம் எண்ணில் பதினோரு பேர், அத்தனை பேரும் எழுபது தாண்டியவர்கள். ஆறில் ஒருத்திகூட இல்லை.

"ஆம்பளைங்கள்ல பாதிப்பேர் ஆறு," என்றாள் மெதுவாக. "அவங்களுக்கு அக்கா தங்கச்சியா ஒரு கறுப்புப் பொண்ணுகூடப் பிறக்கலையாம். இந்தப் பட்டியலை நான் ரெண்டு நாளா பாக்கிறேன் வான்மதிம்மா. எனக்குக் கண்ணை உறுத்தவே இல்லை. பொண்ணுங்கன்னா மாநிறம்னு எழுதியிருந்தா எனக்கும் அது இயல்பாத்தான் பட்டிருக்கு."

"என்னைய வேலையை விட்டு எடுத்துருவீங்களா?"

"அது அப்புறம். முதல்ல எண்ணை மாத்தணும். எல்லாரும் வந்து கையெழுத்துப் போடணும். வருவாங்களா?"

மாட்டார்கள் என்று வான்மதி தலையை ஆட்டினாள்.

"அட்டையில எண்ணை அச்சடிக்காம விட்டுட்டா?"

"மணி அடிக்குதுங்களே. வெளியில உக்காந்திருக்கவங்க கதை பேசிட்டே நிமிசத்தை எண்ணிட்டு இருப்பாங்க. இன்னாரு மகளுக்குப் பதிமூணுல அடிச்சுது, இன்னாரு மருமகளுக்கு எட்டுலயே அடிச்சுது, சேட்டு வீடாட்ட இருக்குதுன்னு."

"மணியை நிறுத்திடுவோம்."

"மணியை நிறுத்தலாமுங்க. கண்ணை எப்படி நிறுத்துவீங்க?"

மறுபதிவு என்று மூன்று நாள் அறிவிப்புக் கொடுத்தார்கள். எண் தவறாக இருந்தால் எலும்பு முறியும் என்று டாக்டரே ஒலிபெருக்கியில் சொன்னாள். சென்னியப்பனைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அவர் விளக்குகளை மாட்டி, துண்டால் துடைத்து, ஒருவரிடமும் கோபித்துக்கொள்ளாமல் நின்றார்.

முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள் ஐந்து அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். "என்ர புள்ளைக்கு ஆறா? உங்க கண்ணுல பூ விழுந்துருச்சுங்களா?" என்று ஒருத்தி மேசையைத் தட்டினாள். இன்னொருத்தி, "இத்தனை நாள் நாலுன்னு எழுதினது நீங்கதானே, அப்ப உங்க கை எங்க போச்சு?" என்றாள்.

மூன்றாம் நாள் காலை, அறிக்கைக்காக நஸ்ரின் ஒரு விவரம் கேட்டாள். முதல் தவறான எண் எந்தத் தேதியில், யாருக்கு எழுதப்பட்டது? வான்மதி மனதுக்குள் தேடிப்பார்த்தாள். முதலில் காதோரம் குனிந்த அம்மா யார்? பள்ளிக்கூடத்து ஆயாவா, அரிசிமண்டிக்காரர் மனைவியா? நினைவில்லை. பதிவேட்டைப் பின்னோக்கி உருட்டிக்கொண்டே போனாள். வருடங்கள் ஓடின. கூடம் திறந்த வாரம் வந்தது, திறந்த நாள் வந்தது, அதற்கும் முந்தைய நாள் வந்தது. பதிவு எண் ஒன்று.

வான்மதி. பெண். நிற எண்: நான்கு.

அன்றைக்குச் சுவரில் பெயிண்டு வாடைகூடப் போகவில்லை. உன் விவரத்தைப் போட்டு மிஷின் ஓடுகிறதா என்று பார் என்று சொல்லிவிட்டு அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். அவள் நிற அட்டையை முன்கையில் வைத்தாள். ஆறாம் கட்டம், கையோடு கையாகக் கரைந்துபோயிற்று. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நான்கு என்று அடித்தாள். அறையில் யாருமில்லை. காதோரம் யாரும் குனியவில்லை. எந்த அம்மாவும் கெஞ்சவில்லை.

பன்னிரண்டு வருடமாக அதை அவள் மறந்தே போயிருந்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்காக இரக்கப்பட்டேன் என்றுதான் தன்னிடமும் சொல்லி வந்திருந்தாள், டாக்டரிடமும் சொன்னாள். இரண்டு வருடமாகக் குடம் தூக்கினால் விலாவில் குத்துகிற வலி எதனால் என்பதும் இப்போது தெரிந்தது.

பதிவு எண் ஒன்று என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி நஸ்ரினின் மேசையில் வைத்தாள். திரும்பி வந்து தன் பதிவில் கையெழுத்துப் போட்டு, ஆறு என்று மாற்றி, புது அட்டை அச்சடித்து எடுத்தாள்.

கூடத்தின் வரிசை நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பெண்கள் காத்திருந்தார்கள். மறுபதிவுக்கு அல்ல, வழக்கமான பதிமூன்று நிமிடத்துக்கு. கௌசிகா கடைசி நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு செவ்வந்தி, மடியில் ஊன்றுகோல். வான்மதி அவர்களைக் கடந்து விளக்கறை வாசலுக்குப் போனாள்.

"எனக்கு விளக்கு போடுங்கண்ணா."

"பதிமூணுதானே?" என்றார் சென்னியப்பன், பழக்கத்தில்.

"முப்பத்தொண்ணு."

சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் வாசலில் நின்று சொன்னதால் எல்லோருக்கும் கேட்டது. சென்னியப்பன் அவள் நீட்டிய புது அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், விளக்கின் திருகியைத் திருப்பினார்.

கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படுத்தாள். விளக்கின் சூடு கையிலும் கழுத்திலும் இதமாக இறங்கியது. வெளியே பெண்கள் பேசுவது கதவு வழியாகக் கேட்டது. யார் வீட்டுச் சீமந்தம், யாருக்கு எவ்வளவு சீர் என்று வழக்கமான பேச்சுதான். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் உடம்புக்கே நேரம் தெரியும். பதிமூன்றாவது நிமிடம் வந்ததும் அவள் கை தானாகக் கண்ணாடியைக் கழற்ற எழுந்தது.

மணி அடிக்கவில்லை.

வெளியே பேச்சு நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். யாரோ ஒருத்தி "இன்னுமா?" என்று கிசுகிசுத்தாள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வான்மதி கையைக் கீழே வைத்துக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தட்டோடு நின்றபோது கூசியதைவிட இப்போது அதிகமாகக் கூசியது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் படுத்தே இருந்தாள். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. நாற்காலிகள் கிரீச்சிட்டன, இரண்டு மூன்று பேர் எழுந்து போகிற செருப்புச் சத்தம் கேட்டது.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். ஊன்றுகோல் தரையில் தட்டுகிற ஓசை கதவுவரைக்கும் வந்து நின்றது.

"அக்காவ்," என்றாள் செவ்வந்தி வெளியிலிருந்து. "வெளிய வந்ததும் எனக்கு மாத்தி எழுதோணுங்க. நான் அன்னைக்கே ஆறுன்னு சொன்னேனில்ல?"

வான்மதிக்குக் கண்ணாடிக்குள் கண் நனைந்தது. அடுத்து கௌசிகாவின் குரல் வரும் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணத்தைக் கெடுக்காதே, வா வீட்டுக்கு என்று மகளை இழுத்துப் போகப்போகிற குரலுக்காகக் காத்திருந்தாள். வந்தது, ஒரு நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடுகிற சத்தம்.

"நிக்காத கண்ணு, கால் வலிக்கும். உக்காரு," என்றாள் கௌசிகா. "இன்னும் பதினோரு நிமிசம் ஆகும்."